கடையில் முடியும் படமா, பாழ்நகரில் முடியும் படமா?

ஹட்டனிலிருந்து எழுதியிருக்கும் நண்பரின் கேள்வியை முதலில் என் சொற்களில் திரும்பச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்து வாசிகசாலை இளைஞர்களுக்குப் போட்டுக் காட்டலாமா என்று பார்ப்பதற்காக 'ஆர்மி ஒஃப் டார்க்னெஸ்' படத்தை அவர் பார்த்திருக்கிறார். அவர் பார்த்த பிரதியில் கதாநாயகன் தன் காலத்துக்குத் திரும்பிவந்து, தான் வேலை செய்யும் கடைக்குள்ளேயே ஒரு பேயைச் சுட்டு வீழ்த்துகிறான். கண்டியில் படிக்கும் அவருடைய மச்சான் பார்த்த பிரதியிலோ அதே ஆள் ஒரு குகைக்குள் நூற்றாண்டுக் கணக்கில் தூங்கி, அளவுக்கு மிஞ்சித் தூங்கி, உலகம் அழிந்த பிறகு பாழ்நகரம் ஒன்றில் கண் விழிக்கிறான். இவற்றில் எது உண்மையான முடிவு, காலப்பயணக் கணக்கு சரியாக வருகிறதா, பேய்ப்படம் என்று சொல்லிவிட்டு ஏன் இப்படிச் சிரிக்கவைக்கிறார்கள் என்று மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார். மூன்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே ஐயம் என்று எனக்குத் தோன்றுகிறது: இந்தப் படத்தில் சிரிப்பு இடையில் புகுந்து பயத்தைக் கெடுத்துவிட்டதா, அல்லது கதையே அந்தச் சிரிப்பின் மேல்தான் நிற்கிறதா?

நான் மலையகப் பாடசாலைகளில் நீண்ட காலம் நாடகமும் திரைப்பட ரசனையும் கற்பித்தவன். இந்தப் படத்தை மாணவர்களோடு உட்கார்ந்து பார்த்து, நிறுத்தி நிறுத்திப் பேசியும் இருக்கிறேன். ஆகவே திரையில் தெரிவதைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியும். படப்பிடிப்புத் தளத்தில் வேலை செய்த அனுபவம் எனக்குக் கிடையாது. இயக்குநரின் எண்ணம் இதுவாக இருக்கலாம் என்று நான் சொல்லும் இடங்களை என் வாசிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உறுதியானவற்றிலிருந்து தொடங்குவோம். சாம் ரெய்மி இயக்கிய மூன்று படங்களின் வரிசையில் இது கடைசி. 1981இல் வந்த 'ஈவில் டெட்', காட்டுக்குள் தனித்து நிற்கும் மரவீடு ஒன்றில் ஐந்து இளைஞர்களை அடைத்துவைத்து, சில இலட்சம் டொலர் செலவில் எடுக்கப்பட்ட கடுமையான பேய்ப்படம். 1987இல் வந்த இரண்டாவது படம் ஏறக்குறைய அதே கதையை அதே மாதிரியான வீட்டில் மறுபடியும் சொன்னது. ஆனால் இம்முறை, பேய் புகுந்த கை தன் உடையவனையே தட்டுகளால் அடித்து வீழ்த்தும் அளவுக்குக் கோமாளித்தனம் ஏறியிருந்தது. அந்தப் படத்தின் இறுதியில் திறக்கும் காலச்சுழி, ஆஷ் என்ற கதாநாயகனையும் அவனுடைய பழைய காரையும் துப்பாக்கியையும், வெட்டிய கைக்குப் பதிலாக அவன் பொருத்திக்கொண்ட, மரம் அறுக்கும் இயந்திர வாளான செயின்சோவையும் சேர்த்து உறிஞ்சி, 1300ஆம் ஆண்டு அளவில் கொண்டுபோய்ப் போடுகிறது. மூன்றாவது படம் அங்கிருந்து தொடர்கிறது. ஆஷாக நடித்த புரூஸ் கெம்பல் ரெய்மியின் பாடசாலைக் காலத்து நண்பர். திரைக்கதையை ரெய்மியும் அவருடைய சகோதரர் ஐவனும் சேர்ந்து எழுதினார்கள். 1 கோடியே 10 இலட்சம் டொலர் அளவில் செலவான இந்தப் படம், 1992இல் ஸ்பெயினின் சிட்ஜெஸ் திரைப்பட விழாவில் காட்டப்பட்டு, 1993 பெப்ரவரியில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. அங்கே வசூலானது ஏறக்குறைய செலவான அளவுதான். இன்றிருக்கும் புகழ் பெரும்பாலும் வீடியோப் பிரதிகள் வழியாகப் பின்னால் சேர்ந்தது.

இரண்டு முடிவுகளையும் எடுத்தவர் ரெய்மியேதான். முதலில் எடுக்கப்பட்டது பாழ்நகர முடிவு. முன்கூட்டியே பார்த்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. வெளியிடவிருந்த யூனிவர்சல் நிறுவனமும் உற்சாகமான முடிவொன்றைக் கேட்டது. அதன் பிறகு எடுத்துச் சேர்க்கப்பட்டதுதான் கடைச் சண்டை. அமெரிக்கத் திரையரங்குகளில் ஓடியது 81 நிமிடப் பிரதி. பிறகு வெளிவந்த இயக்குநர் பிரதி 96 நிமிடம் ஓடுகிறது, அதில் பாழ்நகர முடிவு இருக்கிறது. ஆக, உங்கள் மச்சானும் நீங்களும் பார்த்தவை இரண்டுமே முறையான பிரதிகள். எது 'உண்மை' என்பதற்கு வரலாறு தரும் பதில் இவ்வளவுதான். எது கதைக்குப் பொருந்துகிறது என்று கேட்டால்தான் பேச இடமுண்டு. அதற்குப் படத்தின் நடுவே வரும் கல்லறைக் காட்சிக்குப் போக வேண்டும்.

ஆஷ் தன் காலத்துக்குத் திரும்ப வேண்டுமானால் 'நெக்ரோனொமிகொன்' என்ற ஏட்டை எடுத்துவர வேண்டும். எடுப்பதற்கு முன் மூன்று சொற்களைச் சரியாகச் சொல்ல வேண்டும். வழிசொல்லி அனுப்பும் முதியவர் அந்தச் சொற்களைத் திரும்பச் சொல்லச் சொல்லும்போது, எல்லாம் தெரியும் என்று ஆஷ் எரிச்சலோடு தட்டிக்கழிக்கிறான். கல்லறையில் நின்று இரண்டு சொற்களைச் சொல்லிவிட்டு மூன்றாவதை மறந்துபோகிறான். மறந்ததை ஒப்புக்கொள்ளாமல், இருமுவது போல எதையோ வாய்க்குள் மென்று விழுங்கிவிட்டு, 'சொல்லிவிட்டேன்' என்ற பாவனையில் ஏட்டைத் தூக்குகிறான். இறந்தவர்கள் எழுவது அதனால்தான். அந்தச் சொற்கள் 1951இல் வெளியான ஓர் அமெரிக்க விண்வெளிப் படத்திலிருந்து எடுத்தாளப்பட்டவை. அது தெரிந்த பார்வையாளருக்கு அங்கே இன்னொரு சிரிப்பும் கிடைக்கும். தெரியாதவருக்கும் நட்டமில்லை. இந்திர பதவியைக் கேட்க வந்த கும்பகருணன் நா பிறழ்ந்து நித்திரையைக் கேட்டு வாங்கிக்கொண்ட கதையைச் சிறு வயதிலேயே கேட்டு வளர்ந்த நமக்கு, ஓர் உச்சரிப்புத் தவறு எவ்வளவு தூரம் போகும் என்று யாரும் விளக்கவேண்டியதில்லை. கும்பகருணனின் நாவைப் பிறழவைத்தது தெய்வச் செயல். ஆஷின் நாவைப் பிறழவைத்தது அவனுடைய மெத்தனம். இந்த வித்தியாசத்தில்தான் படம் நகைச்சுவையாகிறது.

நாம் எதைப் பார்த்துச் சிரிக்கிறோமோ அதே காரியத்தால்தான் பிணப்படை எழுகிறது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். பேய்கள் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம் என்று பிரித்துவைத்து மாறி மாறிக் காட்டும் படங்கள் ஏராளம். நம் தமிழ்ப் பேய்ப்படங்கள் பலவற்றில் நகைச்சுவை நடிகர் அலறி ஓடுவார், பேய் தன் பாட்டில் தன் பழிக்கணக்கைத் தீர்த்துக்கொண்டிருக்கும். ரெய்மியின் படத்தில் அந்தப் பிரிவு இல்லை. கதாநாயகனே கோமாளி; கோமாளி செய்த பிழையே கொடூரம். ஆகவே சிரிப்பை எடுத்துவிட்டால் பயங்கரமான படம் ஒன்று மிஞ்சும் என்று நினைப்பது தவறு, கதையே மிஞ்சாது. இதை உறுதியாகச் சொல்வேன்.

அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் பாழ்நகர முடிவுதான் கதையிலிருந்து தானாக விளைவது. அங்கே அவன் செய்யவேண்டிய வேலை மிக எளியது: தன் காலம் வரும்வரை தூங்கவைக்கும் மருந்தைத் துளித் துளியாக எண்ணிக் குடிக்க வேண்டும். எண்ணும்போது கவனம் சிதறி ஒரு துளி கூடுதலாகக் குடித்துவிடுகிறான். கல்லறையில் மூன்று சொல்லை எண்ணிச் சொல்லத் தெரியாதவன் குகையில் துளிகளை எண்ணத் தவறுவது மிகவும் பொருத்தம். கடை முடிவும் அந்த நூலை முழுதாக அறுத்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இந்த முறையாவது சொற்களைச் சரியாகச் சொன்னாயா என்று சக ஊழியன் கேட்க, ஒவ்வோர் அசையையும் சொல்லாவிட்டாலும் ஏறக்குறையச் சொல்லிவிட்டேன் என்று ஆஷ் மழுப்புகிறான். உடனே கடைக்குள் பேய் வந்து நிற்கிறது. இரண்டு முடிவுகளும் ஒரே குணக்கேட்டிலிருந்துதான் கிளைக்கின்றன. ஒன்றில் அதற்கு விலை கொடுக்கிறான், மற்றதில் துப்பாக்கியால் தப்பிவிடுகிறான். என் விருப்பம் முதலாவது. ஆனாலும் கடைச் சண்டையில் இருக்கும் வேகமும் குதூகலமும் எனக்குப் பிடிக்காமல் இல்லை. ஜப்பானில் இந்தப் படத்துக்கு 'கெப்டன் சுப்பர்மார்க்கட்' என்றே பெயர் வைத்தார்கள் என்றால், அந்தக் கடைச் சிப்பந்தியின் மிடுக்குத்தான் அவர்களுக்கு முதலில் கண்ணில் பட்டிருக்கிறது.

காலக் கணக்குக்கு வருகிறேன். இங்கே உறுதியானதையும் ஐயமானதையும் கலந்துவிடக் கூடாது. இரண்டாவது படத்தில், பழைய ஏட்டுப் பக்கம் ஒன்றில், வானிலிருந்து வந்து பேய்களை அழித்த வீரனின் உருவம் வரையப்பட்டிருப்பதைப் பார்க்கிறோம். கையில் செயின்சோ இருக்கும் அந்த உருவம் ஆஷ்தான். அதை மட்டும் வைத்துக்கொண்டால், நடந்தது ஏற்கெனவே நடந்து முடிந்தது, அவன் போகவேண்டியிருந்ததாலேயே போனான் என்ற மூடிய வட்டக் கணக்கு அழகாக வரும். ஆனால் அந்தப் படத்தின் கடைசியில் பறக்கும் பேயொன்றைச் சுட்டு வீழ்த்தியதும் போர்வீரர்கள் அவனை வாழ்த்தி மண்டியிடுகிறார்கள். மூன்றாவது படத்தின் தொடக்கத்தில் அதே வருகைக்கு அவனுக்குக் கிடைப்பது விலங்கும் அடிமை வரிசையும். முன்கதையைச் சொல்லும் பகுதியில் அவனுடைய காதலியாகப் படத்துக்குப் படம் வெவ்வேறு நடிகையர் வருகிறார்கள். இவை திரையில் தெரியும் முரண்கள். விளக்கம் சொல்லி மறைக்க முடியாது. படம் பார்த்தவர்கள் கிளைக்காலம், இணைகாலம் என்று கட்டும் கோட்பாடுகளுக்குப் படத்துக்குள் ஆதாரம் எதுவும் இல்லை. ஒவ்வொரு முறையும் கதையைப் புதிதாகச் சொல்லும் உரிமையை ரெய்மி எடுத்துக்கொண்டார் என்று கொள்வதே நேர்மையானது. ஒரே நல்லதங்காளை ஊருக்கு ஊர் வேறு விதமாகப் பாடுகிறவர்களிடம் நாம் கணக்குக் கேட்பதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். போகும்போது காலத்தைக் கிழித்துக்கொண்டு போனவன், பாழ்நகர முடிவில் திரும்புவதற்காகப் பயணமே செய்வதில்லை; தூங்குகிறான். காலம் அவன் மேல் நடந்து போகிறது, தாடி வளர்கிறது. இந்த இரண்டு வகையும் நம் புராணங்களில் தனித்தனியாக இருக்கின்றன. மகள் ரேவதிக்கு வரன் கேட்டுப் பிரமலோகம் போன ககுத்மி அரசன், அங்கே ஒரு பாட்டு முடியும் வரை காத்திருந்துவிட்டுத் திரும்புவதற்குள் பூமியில் பல யுகங்கள் கழிந்திருந்தன. முசுகுந்தச் சக்கரவர்த்தியோ குகைக்குள் யுகக்கணக்கில் தூங்கியவர். தன்னை எழுப்பிய காலயவனனைப் பார்வையாலேயே எரித்துவிட்டு வெளியே வந்து பார்த்தால், மனிதர்களும் மரங்களும் சிறுத்துப்போயிருக்கின்றன. முசுகுந்தர் வரமாகப் பெற்றதை ஆஷ் மருந்தாகக் குடிக்கிறான். ரெய்மிக்கு நம் புராணம் தெரிந்திருக்கும் என்று சொல்ல வரவில்லை. நெடுந்தூக்கக் கதை பல நாடுகளில் உண்டு. ஆனால் இளைஞர்களுக்கு அந்த முடிவை விளக்க நேர்ந்தால் முசுகுந்தரைத் தொட்டுச் சொல்லுங்கள், உடனே பிடித்துக்கொள்வார்கள்.

கடந்த காலத்துக்குப் போனவன் என்ன கொண்டுபோனான் என்பதிலும் ஒரு நயம் இருக்கிறது. 'மந்திரம் கால், மதி முக்கால்' என்பார்கள். கால் பங்கைக் கல்லறையில் கோட்டைவிட்டவன், கார் டிக்கியில் கிடந்த இரசாயனவியல் பாடப்புத்தகத்தை வைத்து வெடிமருந்து செய்து முக்கால் பங்கால் சமாளிக்கிறான். வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் கிடைத்தால் 1300இல் அதைச் செய்வது நடக்கக்கூடியதுதான். ரொஜர் பேக்கன் 1260களிலேயே அதைப் பற்றி ஐரோப்பாவில் எழுதிவிட்டார். நம் மலைநாட்டுக்கும் இதில் ஓர் ஒட்டு உண்டு. கண்டி இராச்சிய காலத்தில் நக்கிள்ஸ் மலைக் குகையொன்றின் மண்ணிலிருந்து வெடியுப்பு எடுத்ததை, 1821இல் வெளியான தன் நூலில் ஜோன் டேவி என்ற மருத்துவர் விவரிக்கிறார். 'நைட்டர் கேவ்' என்ற இடப்பெயர் அந்தப் பக்கம் இன்றும் வழங்குகிறது. வாசிகசாலைப் பிள்ளைகளில் யாராவது 'அந்தக் காலத்தில் வெடிமருந்து எப்படி?' என்று கேட்டால் பதில் இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது.

இனி, ஏன் பயமே வரவில்லை என்ற குறை. உங்களுக்கு வராததற்குக் காரணங்கள் படத்திலேயே இருக்கின்றன. முதற்படத்தின் பயம், பூட்டிய வீடு, இருட்டு, நேற்றுவரை கூடச் சிரித்துப் பேசிய தோழியின் முகம் மாறுவது ஆகியவற்றிலிருந்து வந்தது. மூன்றாவது படம் வெட்டவெளிக்கு வந்துவிடுகிறது. கோட்டை, குதிரை, கொடி எல்லாம் வந்துவிடுகின்றன. எழுந்து வரும் பிணங்களில் பெரும்பாலானவை சதை கழிந்த வெறும் எலும்புக்கூடுகள். அவை யாருடைய எலும்புகள் என்று நமக்குத் தெரியாது. தோட்டப்புறத்தில் வளர்ந்த எவருக்கும் தெரியும், ஆற்றோரத்து மரத்தைக் கடக்கும்போது நடுக்கம் வருவது அங்கே அகாலமாக இறந்த ஒருவரின் பெயர் நினைவுக்கு வருவதால்தான். பெயரற்ற ஆயிரம் பேர் அணிவகுத்து வந்தால் அது பேயாட்டம் ஆகாது, படையெடுப்பாகிவிடும். அந்த எலும்புப் படையை அசைவுப் பொம்மைகள், நூல் பொம்மைகள், உடை அணிந்த நடிகர்கள் என்று கலந்து எடுத்திருக்கிறார்கள். 1963இல் ரே ஹரிஹவுசன் ஒரு கிரேக்கக் காவியப் படத்துக்காகப் பொம்மை பொம்மையாக அசைத்து எடுத்த எலும்புக்கூட்டுச் சண்டைக்கு அது செலுத்தும் மரியாதை கண்கூடு. கணினி வரைகலை எங்கும் பரவுவதற்குச் சற்று முந்திய கைவேலை என்பதால், அந்தக் காட்சிகளில் எனக்கு இன்றும் சலிப்பு வருவதில்லை.

ஓரிடத்தில் மட்டும் பழைய பயம் எட்டிப்பார்க்கிறது. ஷீலா என்ற பெண்ணைப் பறக்கும் பேய் தூக்கிச் செல்கிறது. அவள் பேயாக மாறி, எதிர்ப்படையின் பக்கம் நிற்கிறாள். தெரிந்த முகம் மாறும் அந்தக் கணத்தில் யாரும் சிரிப்பதில்லை. அதேபோல, ஆஷின் உடலிலிருந்தே பிரிந்து வளரும் தீய ஆஷ். உடைந்த கண்ணாடித் துண்டுகளிலிருந்து குட்டி ஆஷ்கள் இறங்கிவந்து அவனை வதைக்கும் பகுதி முழுக்கச் சர்க்கஸ். ஆனால் அதன் முடிவில் தோளில் ஒரு கண் முளைத்துத் திறக்கும்போது அடிவயிறு கலங்குகிறது. தன்னையே வெட்டிப் புதைத்துவிட்டுப் போகிறான். புதைத்ததுதான் பிறகு படைத்தலைவனாக எழுந்து வருகிறது. கல்லறையில் மழுப்பியவன் தன் மழுப்பலோடுதான் போரிடவேண்டியிருக்கிறது என்று இதை நான் வாசிக்கிறேன். இது வாசிப்புத்தான், நிரூபணம் அல்ல.

பயமும் சிரிப்பும் ஒரே இரவில் ஒரே களத்தில் நிற்க முடியுமா என்று ஐயப்படுகிறவர்கள் நம் ஊரில் இருக்கக் கூடாது. மாசி மாதத்தில் தோட்டங்களில் காமன் கூத்துப் பார்த்தவர்களுக்கு இது பழகிய விடயம். வீரபத்திரனும் யமனும் வரும்போது பிள்ளைகள் தாயின் சேலைக்குள் ஒளிகிறார்கள். அடுத்த நாழிகையில் கோமாளியும் குறவன் குறத்தியும் வந்து அதே பிள்ளைகளை உருண்டு சிரிக்கவைக்கிறார்கள். எரிந்த மன்மதன் இரதியின் புலம்பலால் மறுபடி எழுப்பப்படும்போது, இறந்தவன் எழுவது அங்கே அருளாகவே இருக்கிறது. விக்கிரமாதித்தன் தோளில் தொங்கும் வேதாளமும் பேசும் பிணம்தான். அதன் குறும்புக்காகத்தானே அந்தக் கதையை இன்னும் கேட்கிறோம். ஒரு வேறுபாடு உண்டு: கூத்தில் கோமாளி செய்யும் தவறால் மன்மதன் எரிவதில்லை. ரெய்மி அந்தக் கோட்டையும் அழித்துவிட்டார்.

படத்தின் குறைகளையும் மறைக்க விரும்பவில்லை. ஷீலா எழுதப்பட்டிருக்கும் விதம் மெலிவானது. ஆஷ் அவளிடம் பேசும் பேச்சில் படம் அவனைப் பார்த்துச் சிரிக்கிறதா, அவனோடு சேர்ந்து சிரிக்கிறதா என்பது பல இடங்களில் தெளிவாக இல்லை. கோட்டைப் போர் கடைசியில் சற்று நீளமாகவும் படுகிறது.

நீங்கள் திரையிடுவதானால் 81 நிமிடப் பிரதியைப் போடுங்கள். வேகம் அதில்தான் இருக்கிறது. படம் முடிந்து பிள்ளைகள் பேசத் தொடங்கிய பிறகு இயக்குநர் பிரதியின் கடைசிப் பகுதியை மட்டும் தனியாகக் காட்டி, எது சரி என்று அவர்களிடமே கேளுங்கள். முந்திய இரண்டு படங்களையும் பார்த்திருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை, தொடக்கத்திலேயே முன்கதை சுருக்கமாக வருகிறது. அமெரிக்காவில் இதற்குக் கிடைத்தது 17 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் பெரியவர் துணையோடு பார்க்கவேண்டிய தரச் சான்று. குழிக்குள் ஒருவனைத் தள்ளியதும் இரத்தம் ஊற்றாகப் பீறிடும் காட்சி ஒன்றும், கொச்சைப் பேச்சும் இருக்கின்றன. எனவே சாதாரண தரப் பரீட்சை எழுதாத பிள்ளைகளை அன்று அனுப்பிவிடுவது நல்லது. பெட்டியின் அட்டையில் இருக்கும் விளக்கத்தை நம்பாதீர்கள். போடுவதற்கு முன் ஓடும் நேரத்தைப் பார்த்தால் எந்தப் பிரதி கையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.